மூன்று தசமம்

சொஹார் நகராட்சியில் உறை பிரிக்கும் அறை.
ஏ.சி. பதினெட்டில். பேரீச்சம்பழத் தட்டைச் சுற்றி
பதினோரு கம்பெனிக்காரர்கள்.
எங்கள் விலையை முதலில் வாசித்தார்கள்:
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரியால்,
புள்ளிக்குப் பின் மூன்று பூஜ்யம்.
ஆயிரம் பைசாவுக்கு ஒரு ரியால் என்கிற ஊரில்
மூன்றாவது தசமம் வரை நான் போட்ட கணக்கு அது.
மழைநீர்க் கால்வாய், ஏழு கிலோமீட்டர்.

கடைசி உறை ஸுவைனா அல் மக்பாலியுடையது.
நான்கு லட்சத்து ஐம்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரம்.
வர்கீஸ் சார் மீசைக்குள் சிரித்தார்.
சிறு நிறுவனம், உள்ளூர் உரிமை:
ஒப்பிடும்போது மட்டும் நூற்றுக்குப் பத்து கழிவு
என்றார் செயலாளர்.
கழித்துப் பார்த்தேன்.
நான்கு லட்சத்து ஆறாயிரத்துச் சொச்சம்.
சிரிப்பு மீசையிலேயே காய்ந்துவிட்டது.

காரில் ஏறியதும் ஆரம்பித்தார்:
"முப்பத்தொன்பதாயிரத்து முந்நூறு ரியால் கூடுதல்.
யார் வீட்டுக் காசு? நீயே சொல்,
தகுதி என்று ஒன்று வேண்டாமா?"
"ஏ.சி.யைக் கொஞ்சம் குறைங்க சார்" என்றேன்.

என் பொறியியல் சீட்டு
ஒன்பது மதிப்பெண் கழிவில் வந்தது.
முதல் வருடம் விடுதியில் அந்த ஒன்பதுதான் என் பெயர்.
சாருக்குத் தெரியாது.
என் பயோடேட்டாவில் அதற்குக் கட்டம் இல்லை.

போன வருடம் இதே சலுகையில் நாங்களும் ஒரு வேலை எடுத்தோம்.
ஹம்தானின் பெயர், ஹம்தானின் கார்டு.
காரை விட்டு இறங்காமல்
பாதி இறக்கிய கண்ணாடி வழியே கையெழுத்துப் போட்டார்.
அவருக்கு நூற்றுக்கு நான்கு.
அந்த நான்கை எங்கே ஒளிப்பது என்று
இரவெல்லாம் எக்ஸெலில் தேடினேன்.
கம்பி இறங்காது. சிமென்ட் இறங்காது.
டீசல் சுல்தான் ராஜ்ஜியத்தின் விலை.
வளைந்து கொடுத்தது ஒரே வரி.
அறைக்கு ஆறு கட்டில் எட்டானது,
ஓவர்டைம் வெறும் நேரமானது.
அந்த வரிக்கு ஒரு முகமும் உண்டு:
கம்பி கட்டும் தெய்வசிகாமணி,
செய்யாறு பக்கம், இரண்டு பெண்.

ஸுவைனாவிடமும் சார் போயிருந்தார், இதே நான்கோடு.
"மீதித் தொண்ணூற்றாறு எங்கே போகும்?"
என்று கேட்டாளாம்.
சார் அதைத் திமிர் என்றார்.

அவள் விலையை ஒரு வெள்ளிக்கிழமை பிரித்துப் பார்த்தேன்.
எங்களுக்குத் தொண்ணூறு நாள் கடன் தரும் சிமென்ட்காரன்
அவளிடம் கைக்காசு கேட்கிறான்.
வங்கி உத்தரவாதத்துக்கு
எங்களிடம் பத்தில் ஒன்று, அவளிடம் முழுத்தொகை.
ஜேசிபி வாடகையும் புதுமுகத்துக்கு ஒரு படி மேல்.
முப்பத்தொன்பதாயிரத்தில்
பெரும்பகுதி இப்படியே கரைந்தது.
எல்லாம் கரைந்தது என்று சொல்லமாட்டேன்.
மண் வேலைக்கு அவள் போட்ட விகிதம் சுத்தத் தப்பு.

வேலை நான்கு மாதம் பிந்தியது.
ஒரு துண்டில் சரிவு பிசகித் தண்ணீர் நின்றது.
இருநூறு மீட்டரை உடைத்து மறுபடி கட்டினாள்,
தன் செலவில்.
சார் அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினார்.
அடுத்த டெண்டரில் அவள் விலை
எங்களைவிட நூற்றுக்கு மூன்றுதான் கூட.
அந்தத் தாளை அவர் யாருக்கும் அனுப்பவில்லை.

இதற்கிடையில் அமைச்சகத்தின் புதிய பட்டியல் வந்தது.
மதிப்பீட்டாளர் பதவி இனி உள்ளூர்க்காரருக்கு.
என் விசாவுக்குப் பதினோரு வாரம்.
கழிவில் உள்ளே வந்தவன்,
இந்த முறை கழிக்கப்படுகிறேன்.
நியாயம்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியும்.
வீட்டுக் கடன் பாக்கி என்று கேட்டாலும் தெரியும்.
இரண்டையும் ஒரே தாளில் எழுத வரவில்லை.

நேற்று கால்வாய்க் கரையில் வண்டியை நிறுத்தினேன்.
தெய்வசிகாமணி இப்போது அவளிடம்.
"ஓவர்டைம்?"
"ஒண்ணேகால். சட்டத்துல இருக்கிறபடி."
கம்பியை முறுக்கி, குறட்டால் நறுக்கி,
அடுத்த முடிச்சுக்கு நகர்ந்தபின் சொன்னான்:
"சம்பளம்தான் சார்,
மாசாமாசம் பத்து நாள் தள்ளிப் போவுது."